மூன்றாம் மாதச் சோதனைக்குப் போய்வாருங்கள், அம்மா

கேள்வி: எனக்கு 52 வயது. பாம்பன் பக்கம் கடற்கரைக் கிராமம். கடல்பாசி எடுப்பதுதான் தொழில். ஒரு நாள் கரையில் மயங்கி விழுந்தேன். நாடி 32தான் இருக்கிறது என்று மதுரையில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் மறுபடி கிறுகிறுப்பு. ஒயர் நகர்ந்துவிட்டது என்று திரும்பத் திறந்து சரிசெய்தார்கள். பிறகு அந்த இடம் கன்றி வீங்கி, மூன்று வாரத்தில் வற்றியது. இப்போது நாலு மாதம் ஆகிறது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் மேல்வயிறு துடிக்கிறது. ஆட்டோவில் குலுங்கினால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. மிஷின் நின்றுவிடுமோ என்று ராத்திரி முழுக்க நாடியைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன். குடம் தூக்கியதால்தான் ஒயர் நகர்ந்தது என்று வீட்டில் திட்டுகிறார்கள். செல்போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். டாக்டர்கள் ‘எல்லாம் நல்லா இருக்கு’ என்று மட்டும் சொல்லி, மூன்றாம் மாதம் வரச் சொன்னார்கள். மறுபடி திறந்துவிடுவார்களோ என்ற பயத்தில் போகவில்லை, போய்வரக் காசும் இல்லை. இன்னொரு தடவை நகருமா? நான் கடலுக்குப் போகலாமா? சாகும் நேரத்தில் இந்த மிஷின் உயிரைப் போகவிடாமல் இழுக்குமா என்று மாமியார் கேட்கிறார். என் மகள் எழுதித் தருகிறாள். பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

எழுதித் தந்த மகளுக்கும் சேர்த்தே இந்தப் பதில். ஒரே மூச்சில் படித்துக் காட்ட வேண்டாம். இரண்டு மூன்று தடவையாகப் படிக்கட்டும்.

முதலில் அந்தக் குடம். ஒயர் நகர்ந்ததற்குக் குடம் தூக்கியதுதான் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. பேஸ்மேக்கர் என்பது மெதுவாகத் துடிக்கும் இதயத்தை மின்சாரத்தால் தட்டித் துடிக்க வைக்கும் சின்ன மிஷின். அதன் ஒயர் ரத்தக்குழாய் வழியாக இறங்கி, இதயத்தின் உள்சுவரில் நுனியால் மட்டும் பற்றிக்கொண்டு நிற்கிறது. நுனியைச் சுற்றிச் சதை வளர்ந்து இறுகுவதற்கு ஆறு வாரம் போல ஆகும். அதுவரை அது மணலில் போட்டும் இன்னும் கடிக்காத நங்கூரம். கட்டிலை விட்டு அதிகம் எழாதவர்களுக்கும் நகர்ந்திருக்கிறது, மூன்றாம் நாளே துணி துவைத்தவர்களுக்கு ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கிறது. கையைத் தோளுக்கு மேல் தூக்காதீர்கள், கனம் தூக்காதீர்கள் என்று நாங்கள் சொல்வது, நகரும் வாய்ப்பைக் கொஞ்சமாவது குறைக்கத்தான். பின்னால் ஒருவரைக் குற்றம் சாட்டுவதற்காக அல்ல. குடங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கித் தெருத் தெருவாகத் தள்ளிப் போய் நல்ல தண்ணீர் கொண்டுவரும் மாவட்டம் நம்முடையது. வீட்டில் வேறு யாராவது தண்ணீருக்குப் போயிருந்தால் நீங்கள் ஏன் குடத்தைத் தொடப்போகிறீர்கள்? உங்களைத் திட்டியவர்களிடம் இந்த வரியை மகள் சத்தமாகவே படித்துக் காட்டட்டும்.

‘எனக்கு மட்டும் ஏன் இப்படி’ என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்வி இருக்கிறது. பேஸ்மேக்கர் வைப்பது சின்ன ஆபரேஷன், மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது உண்மையும்கூட. ஆனால் நெதர்லாந்தில் 1,500 பேருக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், முதல் 2 மாதத்துக்குள்ளேயே 100க்கு 12 பேர் போல ஏதாவது ஒரு சிக்கலைச் சந்தித்திருக்கிறார்கள். ஒயர் நகர்வதும், வைத்த இடத்தில் ரத்தம் கட்டுவதும் அந்தப் பட்டியலில் வழக்கமாக வருபவை. அந்த 12 பேரில் நீங்களும் ஒருவர். இதை ஆபரேஷனுக்கு முன்பே உங்களிடம் சொல்லியிருந்தால், பத்தாம் நாள் கிறுகிறுப்பு வந்தபோது உலகமே இடிந்துவிட்டதாகத் தோன்றியிருக்காது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் நின்று பேச நேரம் ஒதுக்காததன் விலையை நோயாளிதான் கொடுக்கிறார். அதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆர்னே லார்சன் என்ற மனிதரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்ட முதல் மனிதர் அவர்தான். 1958 அக்டோபரில், சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் வைத்தார்கள். அந்த முதல் கருவி சில மணி நேரத்திலேயே நின்றுபோனது. இன்னொன்று வைத்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. வாழ்நாளில் மொத்தம் 26 பேஸ்மேக்கர்கள் அவருக்கு மாற்றப்பட்டன. அத்தனைக்குப் பிறகும் 86 வயது வரை இருந்து, 2001ல் புற்றுநோயால் காலமானார், இதயக் கோளாறால் அல்ல. அந்தக் கருவியைச் செய்த பொறியாளரும் அதை வைத்த அறுவை மருத்துவரும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். அவர் காலத்துக் கருவிகளோடு ஒப்பிட்டால் உங்கள் நெஞ்சில் இருப்பது எவ்வளவோ உறுதியானது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்களை நேரில் பார்க்காமல், ஈ.சி.ஜி. பார்க்காமல் எழுதுகிறேன். அதனால் சிலவற்றை ‘இருக்கலாம்’ என்றுதான் சொல்ல முடியும். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: நீங்கள் ராத்திரி முழுக்க யோசித்துத் தேடும் பதில்களில் பெரும்பாலானவை அந்த மிஷினுக்குள்ளேயே பதிவாகிக் கிடக்கின்றன. நீங்கள் போகாமல் விட்ட மூன்றாம் மாதச் சோதனை என்பது அதைப் படித்துப் பார்ப்பதுதான்.

அதில் கத்தி இல்லை, ஊசி இல்லை, ரத்தம் இல்லை. உங்களைப் படுக்க வைத்து, கையிலும் காலிலும் ஈ.சி.ஜி. மாட்டி, நெஞ்சின் மேல் கைக்கு அடக்கமான ஒரு கருவியை வைப்பார்கள். பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில் எல்லாம் வந்துவிடும்: பேட்டரி எவ்வளவு இருக்கிறது, ஒயர் வழியாக மின்சாரம் ஒழுங்காகப் போகிறதா, இதயத்தைத் துடிக்க வைக்கக் குறைந்தது எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது, உங்கள் சொந்தத் துடிப்பு எவ்வளவு நேரம் இருந்தது, மிஷின் எவ்வளவு நேரம் வேலை செய்தது, நடுவில் ஏதாவது தாறுமாறான துடிப்பு வந்ததா. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். நடுவில் சில நொடிகள் லேசாகக் கிறுகிறுக்கலாம். மின்சாரத்தைப் படிப்படியாகக் குறைத்துப் பார்ப்பதால் வருவது அது. சோதிப்பவரிடம் சொன்னால் உடனே சரிசெய்வார். சோதனைக்கு வந்தவரைக் காரணமில்லாமல் யாரும் ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போவதில்லை.

ஏன் மூன்றாம் மாதம் என்று குறித்தார்கள் தெரியுமா? ஒயர் வைத்த புதிதில் நுனியைச் சுற்றிச் சதை வீங்கியிருக்கும். அப்போது இதயத்தைத் துடிக்க வைக்கக் கூடுதல் மின்சாரம் தேவைப்படலாம். அதனால் முதலில் வேண்டுமென்றே அதிகமாக வைத்து அனுப்புவோம். மூன்று மாதத்தில் வீக்கம் அடங்கிவிடும். அப்போது அளந்து பார்த்துக் குறைப்போம். குறைத்தால் பேட்டரி கூடுதல் வருடம் வரும்.

உங்கள் மேல்வயிற்றுத் துடிப்புக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். இதயத்துக்கு நேர் கீழே, மூச்சு விடும்போது ஏறி இறங்கும் உதரவிதானம் என்ற தசை இருக்கிறது. மின்சாரம் அதிகமாக இருந்தால் இதயத்தைத் தாண்டிக் கசிந்து அந்தத் தசையையும் சுண்டிவிடும். இடப்பக்கம் சாய்ந்தால் இதயமும் சாய்வதால், அந்த நிலையில் மட்டும் துடிக்கும். சிலருக்கு இது விடாத விக்கலாகவும் வரும். பல பேருக்கு மின்சாரத்தைக் குறைத்த அந்த நிமிடமே நின்றுவிடுகிறது. நீங்கள் இத்தனை நாளாகத் தாங்கிக்கொண்டிருப்பது ஒரு பொத்தான் அழுத்தலில் தீரக்கூடியதாக இருக்கலாம். ஒயர் மறுபடி நகர்ந்தாலும் இதே துடிப்பு வரலாம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். நாலு மாதம் கழித்து அப்படி நகர்வது அபூர்வம்தான். இரண்டில் எது என்பதை வீட்டில் இருந்தபடி கண்டுபிடிக்க முடியாது. சோதனையும் ஒரு மார்பு எக்ஸ்ரேயும் சொல்லிவிடும்.

ஆட்டோவில் குலுங்கும்போது வரும் படபடப்பு எனக்கு அதிகக் கவலை தரவில்லை. நிறையப் பேஸ்மேக்கர்களில், உடம்பு அசைவதை வைத்து ‘இவர் நடக்கிறார், வேலை செய்கிறார்’ என்று புரிந்துகொண்டு துடிப்பைக் கூட்டிக் கொடுக்கும் வசதி இருக்கிறது. பள்ளம் மேடான ரோட்டில் ஆட்டோ குதிப்பதையும், வல்லம் படகில் எஞ்சின் அதிர்வதையும் அது நடை என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் உட்கார்ந்திருக்க, துடிப்பு மட்டும் 90, 100 என்று ஏறும். வண்டி நின்ற சில நிமிடத்தில் தானாக இறங்கிவிட்டால் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். அந்த வசதியின் கூர்மையையும் குறைக்கலாம். எப்போது, எந்த வண்டியில், எவ்வளவு நேரம் என்று மகளிடம் சொல்லிக் குறித்து வையுங்கள். பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

போய்வரும் செலவு பற்றி. பாம்பனிலிருந்து மதுரை போய்த் திரும்ப ஒரு நாள் முழுக்கப் போய்விடும், உங்கள் கூலியும் கூட வருபவரின் கூலியும் போகும். தெரிகிறது. அதனால் வீண் அலைச்சல் இல்லாமல் போக ஒரு வழி சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்ததும் ஏ.டி.எம். கார்டு மாதிரி ஒரு அட்டை கொடுத்திருப்பார்கள். அதில் கம்பெனி பெயரும் மாடல் எண்ணும் இருக்கும். ஒரு கம்பெனியின் மிஷினை இன்னொரு கம்பெனியின் கம்ப்யூட்டரால் படிக்க முடியாது. பல ஆஸ்பத்திரிகளில் சோதனைக்குக் கம்பெனி ஆள்தான் கருவியோடு வருவார், அதுவும் குறிப்பிட்ட நாளில். எனவே முதலில் போன் செய்து, அட்டையில் இருப்பதைப் படித்துச் சொல்லி, எந்தக் கிழமை வரலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதைக் கேட்காமல் விடிகாலை பஸ் ஏறிப் போய், ‘இன்னைக்கு ஆள் இல்ல, அடுத்த வாரம் வாங்க’ என்று திரும்பியவர்கள் நம் பக்கத்தில் நிறைய. அந்த அட்டையை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து மகளின் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் வரும்போதெல்லாம் மதுரைக்கு ஓட வேண்டியதும் இல்லை. மிஷினைப் படிப்பதற்குத்தான் மதுரை. ஈ.சி.ஜி.யும் எக்ஸ்ரேயும் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே எடுக்கலாம். மிஷின் ஒவ்வொரு முறை இதயத்தைத் தட்டும்போதும் ஈ.சி.ஜி.யில் சின்னக் குச்சி மாதிரி ஒரு கோடு விழும். கோட்டுக்குப் பின்னால் துடிப்பு வருகிறதா என்று பார்த்தாலே, ஒயர் பிடித்திருக்கிறதா இல்லையா என்பது பெரிய அளவுக்குத் தெரிந்துவிடும். பழைய ஈ.சி.ஜி., பழைய எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சீட்டு மூன்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். பழையதோடு ஒப்பிடாமல் புதியதை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும்.

அடுத்து நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் என் உண்மையான அக்கறை துடிப்பில் இல்லை, தோலில் இருக்கிறது. உங்களுக்கு அந்த இடத்தை இரண்டு தடவை திறந்திருக்கிறார்கள். பிறகு ரத்தம் கட்டி வீங்கியிருக்கிறது. ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு அடுத்த ஒரு வருடத்துக்குள் அந்த இடத்தில் கிருமி பிடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதல் என்று கனடாவில் நடந்த பெரிய ஆய்வு காட்டியிருக்கிறது. பல மடங்கு என்றாலும் பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை. ஆனால் வந்தால் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும். வாரம் ஒரு தடவை, குளித்த பிறகு, மகள் நல்ல வெளிச்சத்தில் அந்த இடத்தைப் பார்க்கட்டும். சிவப்பு, சூடு, புதிதாக வீக்கம், நீர் கசிவு, தோல் மெலிந்து பளபளப்பது, மிஷினின் விளிம்பு முட்டிக்கொண்டு தெரிவது, தோல் மிஷினோடு ஒட்டி நகராமல் இருப்பது, இவற்றில் எது இருந்தாலும் அன்றே போன் செய்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து, வேறு காரணம் தெரியாவிட்டாலும் அப்படித்தான். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். அது கிருமியைக் கொல்லாமல் மறைத்துவிடும், பிறகு ரத்தப் பரிசோதனையிலும் பிடிபடாது. வீக்கத்தை ஊசியால் உறிஞ்சி எடுக்க யார் கேட்டாலும் சம்மதிக்காதீர்கள். அந்த ஊசியே கிருமியை உள்ளே கொண்டுபோய்விடும். எண்ணெய் போட்டு நீவுவது, பச்சிலை வைத்துக் கட்டுவது எதுவும் அந்த இடத்தில் கூடாது. ரவிக்கையின் தையலோ பாடியின் பட்டையோ அதன் மேல் உரசுகிறதா என்றும் பாருங்கள். மெலிந்த உடம்புக்காரர்களுக்கு அந்த உரசலே தோலைத் தேய்த்துவிடும்.

கிருமி பிடித்தால் மறுபடி திறந்து, பெரும்பாலும் மிஷினோடு ஒயரையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும், உண்மைதான். அந்தப் பயத்தால் தள்ளிப்போட்டால் ஆபத்து பெரிதாகும். கிருமி ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

இடத்தோள் இறுகி வலிக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. பயத்தில் கையை அசைக்காமலே வைத்திருக்கும் பலருக்கு அது வருகிறது. நாலு மாதம் ஆகிவிட்டது, கையை எல்லாப் பக்கமும் மெதுவாக அசைக்கலாம், தலை பின்னலாம், கொடியில் துணி போடலாம். வலிக்கு என்று எங்காவது ‘கரண்ட் வைக்க’ப் போனால் மட்டும், உட்காருவதற்கு முன்பே பேஸ்மேக்கர் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். அந்தச் சிகிச்சையில் சில வகை உங்களுக்கு ஆகவே ஆகாது.

நாடி பார்ப்பதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ராத்திரி முழுக்கப் பார்ப்பதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். காலையில் எழுந்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்து, மணிக்கட்டில் விரல் வைத்து, ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். மகள் நோட்டில் எழுதட்டும். அத்தோடு அன்றைய கணக்கு முடிந்தது. பெரும்பாலும் 60க்குக் கீழே போகாமல்தான் மிஷினை வைத்திருப்பார்கள், உங்களுக்கு எவ்வளவு என்று சோதனையின்போது கேட்டு அட்டையின் பின்னால் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாள் ஒன்றிரண்டு குறைந்தால் பதற வேண்டாம், நடுவில் முந்திக்கொண்டு வரும் துடிப்பு விரலுக்குத் தட்டுப்படாமல் போவது உண்டு. திரும்பத் திரும்ப எண்ணியும் 50க்குக் கீழேயே இருந்து, கூடவே கிறுகிறுப்போ கண் இருட்டலோ இருந்தால் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். முன்பு வந்த மாதிரியே மயக்கம், மூச்சுத் திணறலோடு நெஞ்சு வலி, மிஷின் இருக்கும் பக்கத்துக் கை முழுக்க வீங்கி நீலமாவது, இவற்றுக்கும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மற்றபடி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நின்றாலும், சாப்பிடாமல் இருந்தாலும், பிரஷர் மாத்திரை கூடிப்போனாலும் கிறுகிறுக்கும். எல்லாக் கிறுகிறுப்பும் மிஷினால் வருவதில்லை.

மிஷின் திடீரென்று நின்றுவிடுமோ என்று கேட்டீர்கள். பேட்டரி டார்ச் லைட் மாதிரி பொசுக்கென்று அணையாது. பொதுவாக 8 முதல் 12 வருடம் வரும். தீர்வதற்குச் சில மாதம் முன்பே சோதனையில் எச்சரிக்கை காட்டும். அப்போது மிஷினை மட்டும் மாற்றுவார்கள், ஒயர் நன்றாக இருந்தால் அதைத் தொடுவதில்லை. வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை சோதனைக்குப் போகிறவருக்கு அது எதிர்பாராமல் வரும் விஷயமே இல்லை.

இவ்வளவு தெரிந்த பிறகும் ராத்திரி பயம் வரும். ஒரு தடவை நினைவு தப்பி விழுந்த உடம்பு, பத்தாம் நாளே மறுபடி ஏமாற்றப்பட்ட உடம்பு, சட்டென்று நம்பிவிடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்களில் பலர் முதல் வருடத்தில் இப்படித் தூக்கம் கெட்டுத்தான் இருக்கிறார்கள், வெளியில் சொல்வதில்லை. நீங்கள் சொன்னது நல்லது. கொஞ்ச நாளைக்கு மகள் பக்கத்தில் படுக்கட்டும். சோதனை முடிந்து எல்லாம் சரி என்று தெரிந்த பிறகும் மூன்று நாலு வாரம் தூக்கம் வராவிட்டால், அதையும் ஒரு நோயாகவே மதித்து டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் மனநல ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவார்கள். மாத்திரை தேவைப்பட்டால் இதயத்துக்கு ஒத்துவருவதாகப் பார்த்துக் கொடுக்கலாம்.

கடலுக்கு வருகிறேன். இதுதான் உங்களுக்குப் பெரிய கேள்வி என்று தெரியும். காயம் ஆறி, தோல் சுத்தமாக இருந்தால் கடல் தண்ணீர் படுவதில் தடையில்லை. புண் ஆறாத நாட்களில் மட்டும்தான் அது கூடாது. கடல் தண்ணீர் பட்டால் புண் ஆறும் என்று கரையில் யார் சொன்னாலும் ஆபரேஷன் காயத்துக்கு அது பொருந்தாது. இடுப்பளவுத் தண்ணீரில், பக்கத்தில் ஆள் இருக்க, கைக்கு எட்டுவதை எடுக்கலாம். பாசிப் பையின் கயிறு இடத்தோளில் மாட்டக் கூடாது, இடுப்பில் கட்டுங்கள்.

முக்குளித்து எடுப்பது வேறு. ஒன்றிரண்டு ஆள் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் மிஷினை உடைத்துவிடாது. நான் யோசிப்பது வேறொன்றை. கரையில் மயங்கினால் முட்டி சிராய்க்கும், யாராவது தூக்கிவிடுவார்கள். மூச்சை அடக்கித் தண்ணீருக்குள் இருக்கும்போது பத்து நொடி நினைவு தப்பினால் போதும். அதனால் சோதனைக்குப் போகும்போது இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: ‘மிஷின் தட்டாவிட்டால் என் இதயம் தானாகத் துடிக்குமா? எவ்வளவு துடிக்கும்?’ சோதனையின்போது இதைப் பார்த்துவிடலாம். தானாக 40, 50 துடிக்கும் என்றால், ஒயரில் கோளாறு வந்தாலும் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. அப்போது உங்கள் டாக்டர் சம்மதித்தால், ஆழம் குறைந்த இடத்தில், தோழியோடு, கொஞ்ச நேரம் என்று மெதுவாக ஆரம்பிக்கலாம். சொந்தத் துடிப்பு ஏறக்குறைய இல்லை, முழுக்க மிஷினை நம்பித்தான் இருக்கிறீர்கள் என்றால், முக்குளிப்பை விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. இதை எளிதாகச் சொல்லவில்லை. மரிக்கொழுந்துப் பாசிக்காகச் சின்ன வயதிலிருந்து தீவுப் பக்கம் போய்வந்தவருக்கு, காலில் தகரத் தட்டும் விரலில் சுற்றிய துணியும் கையின் தொழில் அறிவும்தான் சொத்து. அதை விடச் சொல்வது வருமானத்தை மட்டும் விடச் சொல்வது இல்லை. ஆனாலும் பாசித் தொழில் முழுக்கத் தண்ணீருக்கு அடியில் இல்லை. கரையில் உலர்த்துவது, தரம் பிரிப்பது, மூங்கில் மிதவையில் வளர்க்கும் பாசிக்குக் கயிற்றில் விதை கட்டுவது எல்லாம் நீங்கள் செய்யலாம். உங்கள் சங்கத்துப் பெண்களிடம் இந்தக் கடிதத்தைக் காட்டிப் பேசுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

வல்லத்தில் ஏறலாம். ஓடும் எஞ்சின் மேல் மட்டும் குனியாதீர்கள், ஒரு கை தூரம் தள்ளி உட்காருங்கள். படகுப் பட்டறையில் வெல்டிங் நடந்தால் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

செல்போனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். அவசரத்துக்கு 108ஐ எதை வைத்துக் கூப்பிடுவீர்கள்? வலக்காதில் வைத்துப் பேசுங்கள், மிஷினிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தால் போதும். ரவிக்கைக்குள் செருகி வைக்கும் பழக்கம் இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள். மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், டி.வி., ஃபிரிட்ஜ் எதற்கும் பயம் வேண்டாம். இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் இரண்டடி தள்ளி நில்லுங்கள். திருவிழாவில் பெரிய ஸ்பீக்கர் பெட்டி மேல் சாயாதீர்கள், உள்ளே பலமான காந்தம் இருக்கிறது. ராமேஸ்வரம் கோயில் வாசலில் சோதனைக் கதவு வழியாக நிற்காமல் நடந்து போய்விடலாம். கையில் வைத்துத் தடவும் கருவியை நெஞ்சருகே கொண்டுவந்தால் அட்டையைக் காட்டுங்கள்.

மாமியாரின் கேள்வியை யாரும் சிரித்து ஒதுக்க வேண்டாம். வயதானவர்கள் பலர் இதைக் கேட்க நினைத்துக் கேட்காமல் இருக்கிறார்கள். பேஸ்மேக்கர் உயிரைப் பிடித்து இழுத்து வைக்காது. அது ஒரு சின்ன மின்தட்டு கொடுக்கிறது, அவ்வளவுதான். தட்டினால் சுருங்கும் வலு இதயச் சதையில் இருக்கும்வரைதான் அதற்கு வேலை. உடம்பின் காலம் முடியும்போது சதை பதில் சொல்லாது, தட்டிக்கொண்டே இருந்தாலும் இதயம் துடிக்காது, அதனால் வலியும் இல்லை. மற்றவர்களுக்கு எப்படியோ அப்படித்தான். எரிக்கும் வழக்கம் உள்ள குடும்பமானால் முன்பே மிஷினை எடுக்கச் சொல்ல வேண்டும், நெருப்பில் பேட்டரி வெடிக்கும். புதைப்பவர்களுக்கு அது தேவையில்லை.

மதுரை போகும்போது முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் ரேஷன் கார்டையும் கொண்டுபோங்கள். அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில், இனி ஏதாவது செய்ய வேண்டி வந்தாலோ பின்னால் மிஷின் மாற்றும்போதோ என்னென்ன அதில் அடங்கும் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் அறைக்குள் மகளும் கூட வரட்டும். மேல்வயிற்றுத் துடிப்பு, ஆட்டோ படபடப்பு, சொந்தத் துடிப்பு எவ்வளவு, குறைந்தபட்சத் துடிப்பு எவ்வளவில் வைத்திருக்கிறார்கள், முக்குளிக்கலாமா என்று ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ‘எல்லாம் நல்லா இருக்கு’ என்றால், ‘சந்தோஷம் சார், இந்த அஞ்சுக்கும் மட்டும் சொல்லிடுங்க’ என்று மகள் கேட்கலாம். அந்தப் பதில்களை எனக்கு எழுதி அனுப்புங்கள். கடல் விஷயத்தை அதற்குப் பிறகு இன்னும் தெளிவாகப் பேசலாம்.